தெளிக்கிற தண்ணீர்

தாம்பரத்திலிருந்து படப்பை போகிற பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால் பாறைமேடு கண்ணில் படாது. ஜல்லிக் குவியலும் கிரஷர் புழுதியும்தான் படும். அந்தப் புழுதிக்குப் பின்னால் ஓலையும் ஆஸ்பெஸ்டாஸுமாக ஊர் குந்திக்கொண்டிருக்கிறது. பேய்க்குப் பயப்படாத ஊர். போலீஸுக்கும் அவ்வளவாகப் பயப்படாது. எண்பத்தேழாம் வருஷத்துக் கோடையில் அது தண்ணீருக்குப் பயந்தது.

தண்ணீர் இல்லையே என்ற பயம் அந்த வருஷம் எல்லா ஊருக்கும் இருந்ததுதான். பாறைமேட்டுக்காரர்கள் இருக்கிற தண்ணீரைப் பார்த்துப் பயந்தார்கள். முந்தின ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. பொதுக்கிணறு மாசி பிறப்பதற்குள் சேறாகி, சேறும் காய்ந்து வெடித்துவிட்டது. அடிபம்பை அடித்தால் காற்று சீறிற்று. பஞ்சாயத்து லாரி வந்த நாளில் பெண்கள் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். வராத நாளில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊருக்கு மேற்கே, கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரிப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அப்படி ஒரு பச்சை. அடியில் கிடக்கிற கல்லெல்லாம் தெரியும். எருமை குளிப்பதும் துணி துவைப்பதும் அதில்தான். விடியற்காலையில் ஊர் ஒதுங்கப் போவதும் அதன் கரைக்குத்தான். அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக்கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. லாரி நாலு நாள் வராவிட்டால் பேச்சு கொஞ்சம் இளகும்.

இளகிய ஒரு வாரத்தில்தான் தனத்தின் மகன் சேட்டு செத்துப்போனான். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவன். பள்ளத்தில் நீச்சலடித்துவிட்டு, தாகத்துக்குக் கையால் அள்ளிக் குடித்திருக்கிறான். மறுநாள் வாந்தியும் பேதியும். அதற்கு அடுத்த நாள் காலையில் கிரஷர் சங்கு ஊதும்போது அவன் இல்லை. சுகாதாரத்துறை ஜீப் வந்தது. இறங்கிய நர்ஸம்மா ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எந்தத் தண்ணியா இருந்தாலும் தளதளன்னு கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் ஒரு வாரம் கொதிக்க வைத்தது. பிறகு கிருஷ்ணாயில் தீர்ந்தது, விறகு தீர்ந்தது, பயமும் தீர்ந்தது.

தனத்தின் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்த செல்வமேரிக்கு மட்டும் தீரவில்லை. அவள் ஜல்லி உடைக்கிறவள். ஓலைத் தட்டி நிழலில் குந்தி, காலிடுக்கில் கருங்கல்லை வைத்து, நாள் முழுக்கச் சம்மட்டியால் தட்டுவாள். கல் சில் தெறித்துக் கண்ணில் பட்டபோது கூட அழாதவள். ஆனால் கல்யாணமாகிப் பல வருஷம் வெறும் மடியோடு இருந்து, வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்ப் பெற்ற ஒரே பெண் குழந்தை அவளுக்கு. ஞானஸ்நானப் பெயர் நீளமாக ஒன்று உண்டு, எல்லோரும் கூப்பிடுவது பேபி. மூன்று வயது. அந்தக் குழந்தை டம்ளரைத் தூக்கினாலே செல்வமேரி கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள்.

முடிச்சூர் ரோட்டு மரவாடியிலிருந்து சாக்குச் சாக்காக மரத்தூள் தூக்கி வந்து, மரத்தூள் அடுப்பில் இடித்து நிரப்பி, அதில் தண்ணீர் காய்ச்சினாள். தூளை இறுக்கமாக இடிக்காவிட்டால் சரிந்து அணைந்துவிடும். அதிகமாக இடித்தால் புகைந்துகொண்டே கிடக்கும். வேலைக்குப் போகுமுன் ஒரு அடுப்பு, வந்தபின் ஒரு அடுப்பு. லாரித் தண்ணீரைப் பழைய வேட்டியில் நாலு மடிப்பாக வடிகட்டி, காய்ச்சி, மூடி, மூடிமேல் கல் வைத்து, பிறகும் உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

அவள் புருஷன் சவுரிமுத்து மீன்பாடி வண்டிக்காரன். மாடம்பாக்கம் பக்கத்து வயல்கிணற்றுப் பம்ப்செட்டில் பிளாஸ்டிக் குடங்களை நிரப்பி, மூன்று சக்கர வண்டியில் மிதித்துக்கொண்டுபோய்த் தாம்பரம் காலனி வீடுகளுக்கு ஊற்றுகிறவன். நல்ல மனுஷன். நாக்குதான் சும்மா இருக்காது.

"இன்னாமே, தண்ணிய சோறாட்டம் வடிச்சிகினு கீற? உப்பு பாத்தியா?"

"சிரிய்யா, நல்லா சிரி. சேட்டுப் பய இன்னா கல்லாட்டம் இருந்தான். ஒரே நாள்ல காஞ்ச கருவாடா பூட்டான். நான்தான குளிப்பாட்டினேன்."

"அவன் பள்ளத்துத் தண்ணி குடிச்சான். நம்மளுது லாரித் தண்ணி."

"லாரிக்காரன் எங்க புடிக்கிறான்னு நீ கண்டியா?"

"ஊருக்கே தண்ணி ஊத்தறவன் நானு. எனக்கே தண்ணி பாடம் நடத்தறியா நீ?"

"ஊருக்கு ஊத்தற. வூட்டுக்கு ஒரு கொடம் கொணாந்தியா?"

காலனிக்குப் பேசிய குடம் காலனிக்குப் போய்விடும். மிஞ்சினால் கொண்டுவருவான், அந்தக் கோடையில் எதுவும் மிஞ்சவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடிச்சைப் போட்டு வைத்துக்கொண்டு கடைசியில் அவிழ்த்துக் காட்டுகிற சாமர்த்தியம் எனக்கில்லை. பயப்பட வேண்டிய விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால் எல்லோரும் சேர்ந்து பயப்படலாம்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை. பாறைமேட்டு மாதா கோயிலில் அன்று ராத்திரி பாஸ்கா பூசை. அந்தப் பூசையில் சாமியார் ஒரு பெரிய டிரம் நிறையத் தண்ணீரை மந்திரித்துக் கொடுப்பார். ஜனங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். அதுதான் வருஷம் முழுவதற்கும் வீட்டுத் தீர்த்தம். டிரம்மை நிரப்புகிற பொறுப்பைக் கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் சத்தியநாதன் சவுரிமுத்துவிடம் விட்டிருந்தார். "மாதாவுக்குன்னா கேக்கணுமா உபதேசியாரே, பம்ப்செட்டுத் தண்ணியே கொணாந்து ரொப்பறேன்" என்று அவனும் சொல்லியிருந்தான். மனசாரத்தான் சொன்னான்.

அன்று மத்தியானம் காலனியில் ஸ்ரீரங்கன் சார் வீட்டு வாசலில் காமு மாமி காத்துக்கொண்டிருந்தாள்.

"சவுரி, நல்ல வேளை வந்தே. இன்னொரு நடை வேணும்ப்பா. நாளைக்குப் பொண்ணுக்கு சீமந்தம். சமையல்காரா விடியறத்துக்குள்ளே வந்துடுவா, அண்டாவெல்லாம் காலியாக் கெடக்கு."

"மாமி, சாயங்காலம் கோயிலுக்கு ஒரு டிரம்மு ரொப்பணும். அத்த முடிச்சிட்டு வந்து..."

"பேஷா ரொப்பு, யாரு வேண்டாங்கறா? முதல்ல எனக்கு ஊத்திட்டுப் போ. கரண்ட் போயிட்டா பம்ப்செட் நின்னுடும்னு நீதானே எப்பவும் சொல்லுவே."

மாமி சொன்னபடியே ஆயிற்று. அவளுக்கு ஊற்றிவிட்டு மறுபடி மாடம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது கரண்ட் போயிருந்தது. மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தான். பொழுது சாய்ந்தது. வெறும் குடங்களோடு திரும்பி வந்தவன் கோயில் டிரம்மைப் பார்த்தான், பள்ளத்தையும் பார்த்தான். குடிக்கிறதுக்கா கேட்கிறார்கள், தெளிக்கிற தண்ணி தானே என்று நினைத்தான். துண்டைப் போட்டு வடிகட்டிப் பள்ளத்துத் தண்ணீரை டிரம் நிறைய ஊற்றினான். உபதேசியார் எட்டிப் பார்த்துவிட்டு, "பலே, என்னா தெளிவு!" என்றார். சவுரிமுத்து காலிக் குடங்களை வண்டியில் அடுக்கினான். அன்று மிதித்த மிதியில் பூசை நடக்கும்போதே கோயிலுக்குப் பின்னால் மணலில் படுத்துத் தூங்கிவிட்டான். பாட்டில் பிடித்த கூட்டத்தை அவன் பார்க்கவில்லை.

செல்வமேரி ஒரு சர்பத் பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுபோயிருந்தாள். கழுத்துவரை பிடித்து வந்து மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த வீட்டில் அவள் பயப்படாமல் தொட்ட தண்ணீர் அது ஒன்றுதான். ஈஸ்டர் ஞாயிறு காலையிலேயே, குழந்தை நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி ஒரு கரண்டி ஊற்றினாள். திங்கட்கிழமையும் அப்படியே. அதைக் காய்ச்சவில்லை. மந்திரித்த தண்ணீரை அடுப்பில் ஏற்ற அவளுக்குக் கை வருமா? சவுரிமுத்து விடியுமுன்னே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறவன். பாட்டிலைப் பார்த்திருந்தான். வீட்டைச் சுற்றித் தெளிக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பேபி எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோரைப்பாயிலேயே போய்விட்டாள். செல்வமேரி கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி போயிற்று. மூன்றாவது தடவை அதில் மலமே இல்லை. அரிசி கழுவின தண்ணீர்போல வெளுப்பாகக் கொட்டிற்று. சேட்டுக்கும் அப்படித்தான் வந்தது. ஒரு நிமிஷம் எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை செல்வமேரிக்கு.

அவள் பார்வை காய்ச்சிய பானையில் போய் நின்றது. காய்ச்சியது போதாதோ? மூடியில் ஈ உட்கார்ந்ததோ? மரத்தூள் நடுவில் சரிந்ததே, அன்றைக்குச் சரியாகக் கொதித்ததோ இல்லையோ? பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, காய்ச்சிய தண்ணீர் அத்தனையும் புழுதியில் கொட்டினாள். அந்த வீட்டில் இருந்த நல்ல தண்ணீர் அதுதான். உள்ளே வந்து பாட்டிலை எடுத்தாள். குழந்தை குடித்தது. குடித்ததும் வாந்தி எடுத்தது. "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

கொட்டின சத்தம் கேட்டுத் தனம் வந்து வாசலில் நின்றாள். சேட்டு போனதிலிருந்து அவள் யார் வீட்டுக்கும் போகிறதில்லை. அன்றைக்கு வாசல்படி தாண்டி உள்ளே வந்தாள்.

"இன்னா மேரி, தண்ணிய கொட்டிகினு கீற? இன்னா ஆச்சி?"

"அக்கா... பேபிக்கு..."

தனம் குழந்தையைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளினாள். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது.

"எத்தினி வாட்டி போச்சி?"

"தெரியலக்கா. போய்கினே கீது."

"தண்ணி குடுத்தியா?"

"காச்சின தண்ணில இன்னமோ கீதுக்கா. அத்த கொட்டிட்டேன். தீர்த்தம்தான் குடுக்கறேன், அது ஒண்ணும் பண்ணாது."

"கரண்டில குடுத்தா எந்த மூலைக்கு? நெறைய குடு."

"நெறைய குடுத்தா நெறைய போவும்னு சொல்றாங்களேக்கா."

தனம் சடாரென்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்படித்தாண்டி எனக்கும் சொன்னாங்க. தண்ணி காட்டாத, காட்டினா நிக்காதுன்னாங்க. நான் காட்டல. ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு கேட்டுகினே கெடந்தான். நாக்க நீட்டி நீட்டி காட்டினான். நான் பானையத் தூக்கி வெளிய வெச்சிட்டேன், அவன் கண்ணுல படக்கூடாதுன்னு. ஆஸ்பத்திரில டாக்டரம்மா கேக்கறாங்க, ஏம்மா, தண்ணி குடுத்திருந்தா பொழச்சிருப்பானேம்மான்னு. உப்பும் சக்கரையும் கலந்து குடுத்திருந்தா போதுமாம். நான் குடுக்கல மேரி. நீயாவது குடு."

அவள் அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டிப் போயிருந்தாள். தன் வீட்டுக்கு ஓடி, இருந்த லாரித் தண்ணீரை ஸ்டவ்வில் ஏற்றி, கிருஷ்ணாயில் போதாமல் எரிந்த ஸ்டவ்வைத் திட்டித் திட்டிப் பம்ப் அடித்தாள். எதிர்வீட்டிலிருந்து அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "எரியேண்டி, எரிஞ்சி தொலையேன்." செல்வமேரி குழந்தையின் உதட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்துக்கொண்டு வந்தது. கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பயத்தில் அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பாட்டிலைச் சாய்த்து மறுபடி கரண்டியில் ஊற்றினாள்.

அப்போதுதான் சவுரிமுத்து வந்தான். லாரிக்காரர்கள் ஸ்டிரைக் என்று காலனியில் கிராக்கி ஏறியிருந்தது, மத்தியானமும் மிதிக்க வேண்டும் என்பதால் குடங்கள் நிரம்பிய வண்டியோடு இரண்டு வாய் கஞ்சிக்காக வந்தவன். குனிந்து உள்ளே நுழைந்ததும் குழந்தையைப் பார்த்தான். பிறகு கரண்டியைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான்.

"இன்னா தண்ணிமே அது?"

"தீர்த்தம்யா. புள்ளைக்கு..."

"குடுக்காத!"

பாய்ந்துவந்து கரண்டியைத் தட்டிவிட்டான். கரண்டி சுவரில் பட்டு விழுந்தது. குழந்தை மிரண்டு வீறிட்டது. வீறிடவும் அதற்குத் தெம்பில்லை, கரகரவென்று ஒரு சத்தம்தான் வந்தது.

"இன்னாய்யா, பைத்தியமா? தீர்த்தத்த போய்..."

"எப்பலேர்ந்து குடுக்கற? சொல்லு, எப்பலேர்ந்து?"

"ஈஸ்டர்லேர்ந்து. ஏன்யா?"

சவுரிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஸ்டவ்விலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு வாசலில் தனம் நின்றாள்.

"அது பள்ளத்துத் தண்ணி மேரி" என்றான். "கரண்டு இல்ல. பம்ப்செட்டு ஓடல. தெளிக்கிற தண்ணி தானன்னு பள்ளத்துலேர்ந்து மொண்டு ஊத்திட்டேன். யாருக்கும் சொல்லல. குடிப்பீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுமே."

செல்வமேரி அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. குழந்தையை அள்ளி மாரோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வண்டியக் காலி பண்ணு."

அவன் காலனிக் குடங்களை ஒவ்வொன்றாகத் தெருவில் தள்ளினான். மாடம்பாக்கத்து நல்ல தண்ணீர் புழுதியில் ஓடிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் "ஐயோ தண்ணி, தண்ணி" என்று பாத்திரத்தோடு ஓடிவந்தார்கள். யாரும் என்ன ஏதென்று கேட்பதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. பலகைமேல் செல்வமேரி குழந்தையோடு உட்கார்ந்திருக்க, எதிரில் தனம் உட்கார்ந்து, ஆற்றின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலக்கி, குழந்தை வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள்.

"வாந்தி எடுக்குதேக்கா."

"எடுக்கட்டும். பாதி உள்ள நிக்கும்."

"இது காச்சினதுதான? நல்லா காச்சினியாக்கா?"

"காச்சினேண்டி. என் கண்ணு முன்னால தளதளன்னு கொதிச்சிச்சி."

"லாரித் தண்ணிதான?"

"லாரித் தண்ணிதான்."

"லாரிக்காரன் எங்க புடிச்சான்க்கா?"

தனம் இன்னொரு வாய் குழந்தைக்கு விட்டாள். வழி நெடுக செல்வமேரி இதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

சித்திரை வெயில் தாரை உருக்கி வைத்திருந்தது. சக்கரம் தாரில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. சவுரிமுத்து சீட்டில் உட்காரவே இல்லை, நின்றபடியே மிதித்தான். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ரயில் எங்கேயோ தூரத்தில் வந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டர்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நுங்கு விற்கிறவன் கூடையை நீட்டினான். "தள்ளுங்கய்யா, புள்ள கீது வண்டில, புள்ள கீது" என்று சவுரிமுத்து கத்தின கத்தலில் ஒருவன் கேட் கம்பியைத் தூக்கிப் பிடித்தான். வண்டியின் அகலத்துக்கு அந்த இடைவெளி போதவில்லை. செல்வமேரி குதித்து இறங்கி, குழந்தையோடு கம்பிக்கடியில் நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாள். தனம் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் வாந்திபேதி வார்டு என்று வராந்தாவையே மறித்துக் கட்டியிருந்தார்கள். பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. நர்ஸ் சிஸ்டர் குழந்தையின் கையைத் தடவிப் பார்த்தாள், நரம்பு கிடைக்கவில்லை. காலில் தேடினாள். அங்கேயும் கிடைக்கவில்லை. டாக்டர் வந்து கணுக்காலுக்குப் பக்கத்தில் குத்திக் கண்டுபிடித்தார். பாட்டிலிலிருந்து மருந்துத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

"வழியில எதாவது குடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"உப்பு சக்கரத் தண்ணி" என்றாள் தனம்.

"அதனாலதாம்மா உயிரோட கொண்டு வந்து சேத்தீங்க. இல்லன்னா கஷ்டம். இன்னும் சொல்றதுக்கில்ல, நாளைக்கிக் காலையில பாக்கலாம்." போகும்போது திரும்பிக் கேட்டார். "எந்தத் தண்ணிம்மா குடிச்சது?"

செல்வமேரி வாயைத் திறந்தாள். தீர்த்தம் என்று சொல்ல வரவில்லை. சிஸ்டர் கழுத்திலும் சிலுவை தொங்கிற்று. "குவாரித் தண்ணி" என்றாள்.

சவுரிமுத்து வண்டியைக் கேட்டடியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்து, சுவரோரம் ஒண்டி நின்றான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த செல்வமேரி அவன் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"நம்ம ஊர்ல எத்தினி பேரு பாட்டில்ல புடிச்சாங்க தெரியுமா உனக்கு?"

"எத்தினி பேரு?"

"எல்லாருந்தான்யா. ஞானம்மா அக்கா பேரனுக்குத் தெனம் குடுக்குது. அப்பாதுரை அண்ணன் வூட்ல கஞ்சிப் பானையில ஊத்துறாங்க, நான் கண்ணால பாத்தேன். போ. போய் சொல்லு."

"இன்னான்னு சொல்றது மேரி? சாமிக்கு வெச்ச டிரம்முல பள்ளத்துத் தண்ணிய ஊத்தினேன்னா? என்ன கொன்னுடுவாங்க. சாமியாரு கோயில் வாசல்ல கால் வெக்க வுடமாட்டாரு."

"கொல்லட்டும்."

"மேரி..."

"கொல்லட்டும்யா. இங்க பாரு, இத்தப் பாரு. இந்த மாதிரி இன்னொருத்தி புள்ளையத் தூக்கிகினு இங்க ஓடியாந்தா, அப்பறம் நான் உன்னோட ஒரே வூட்ல எப்படிக் குந்தறது?"

அவன் போனான். போகிறபோது காலில் செருப்பில்லை. எங்கே விட்டான் என்று அவனுக்கும் தெரியாது.

அன்று இரவு முழுக்கப் பெண்கள் இருவரும் வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்கு வெளியே போவது நிற்கவில்லை. பாட்டில் மாறிக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவருக்கு முடிந்துபோய், போர்த்திக்கொண்டு போனார்கள். செல்வமேரி ஜெபம் சொல்லப் பார்த்தாள். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்ததும் டிரம் நினைவு வந்து நின்றுவிடும். மறுபடி ஆரம்பிப்பாள். தனம் அவள் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

விடிந்து வெகுநேரம் கழித்துச் சவுரிமுத்து வந்தான். கன்னம் வீங்கியிருந்தது, சட்டைப் பை கிழிந்து தொங்கிற்று.

"சொன்னியா?" என்றாள் செல்வமேரி.

"சொன்னேன். மொதல்ல சாமியாருகிட்ட போனேன். நான்தான் எட்டிப் பாத்திருக்கணும்னாரு. அப்பறம் டார்ச்ச எடுத்துகினு, உபதேசியாரையும் கூட்டிகினு கெளம்பிட்டாரு. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் என்ன நிக்க வெச்சி என் வாயாலயே சொல்ல சொன்னாரு. கொதிக்க வெச்சிக் குடிங்க, கொதிச்சா ஆசீர்வாதம் போயிடாதுன்னு அவரு சொன்னாரு."

"கேட்டாங்களா?"

"பாதி பேரு கொட்டினாங்க. பாதி பேரு என்ன நம்பல. அப்பாதுரைதான் அறைஞ்சான். நல்லா அறைஞ்சான்." கன்னத்தைத் தடவிக்கொண்டான். "ஞானம்மா அக்கா பேரனுக்கு ஆரம்பிச்சிட்டுது. சாமியாரு ஜீப்புல போட்டுகினு வராரு. பின்னாலயே வராங்க."

செல்வமேரி தலையில் அடித்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைத் தேற்ற யாருக்கும் தோன்றவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அம்மா. தண்ணி."

மூன்று பேரும் எழுந்தார்கள். பேபி கண்ணைத் திறந்திருந்தாள். சிஸ்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பாடா, மூத்திரமும் போயிருக்கு. இனிமே பயமில்ல. கேட்டா கேட்டப்பல்லாம் குடுங்க" என்று சொல்லி, மேஜைமேலிருந்த கூஜாவிலிருந்து ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

செல்வமேரி டம்ளரை வாங்கிக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது.

"அம்மா, தண்ணி."

"இருடி கண்ணு. இரு." டம்ளரைப் புருஷனிடம் நீட்டினாள். "நீ குடி மொதல்ல."

சவுரிமுத்து மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக் குடித்தான். பாதியைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அசையாமல் நின்றான், தனக்கு என்ன ஆகிறது என்று அவனுமே பார்ப்பதுபோல. வராந்தாவில் யாரோ இருமினார்கள். குழந்தை கையை நீட்டிற்று. நீட்டின கையை செல்வமேரி மெல்லப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் ஆவல மேரி" என்றான் அவன்.

"உடனே தெரியாதுய்யா. இன்னும் கொஞ்சம் நேரம் போவட்டும்."

"அம்மா, தண்ணி. தண்ணிம்மா." குழந்தை உதட்டை நக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தது.

"வாணாம் மேரி" என்றாள் தனம். அவள் முகம் பார்க்கச் சகிக்காமல் மாறியிருந்தது. "புள்ளைங்கள கேக்க வெக்காத."

"ஒரு நிமிசம்க்கா. ஒண்ணும் ஆவலன்னு தெரிஞ்சப்புறம்..."

தனம் அவள் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினாள். ஒரு கையால் குழந்தையின் கழுத்தைத் தாங்கி, டம்ளரை வாயில் வைத்தாள். குழந்தை இரண்டு கையாலும் டம்ளரைப் பற்றிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தது. "குடிடா ராசா. குடி, குடி" என்றாள் தனம். பெண் குழந்தை என்பது அவளுக்கு நினைவில்லை.

செல்வமேரி தடுக்க நீட்டின கையை எடுக்கவும் முடியாமல், நீட்டவும் முடியாமல், குழந்தையின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.